காலிக் கல்வெட்டில் பாரசீகம் ஏன்?

கேள்வி: கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும், இலங்கையின் காலி நகரில் கிடைத்த கல்வெட்டில் மூன்று மொழிகள் இருக்கின்றன: சீனம், தமிழ், பாரசீகம். சீனம் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, தமிழ் அந்தக் கரையில் வழங்கியது. மூன்றாவது முஸ்லிம்களுக்கு என்றால் அரபியில் அல்லவா இருக்க வேண்டும்? இலங்கையில் அத்தனை ஈரானியர்கள் இருந்தார்களா?

பிப்ரவரி 2, இரவு

ஈரானியர்களைத் தேடிப் போனால் விடை கிடைக்காது. ஈரானியன் இருக்கும் இடத்தில்தான் பாரசீகம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கலே.

கல் 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனாவில் வெட்டிக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1407இல், மிங் அரசு ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம் தொடங்கியபோதே பாரசீகத்துக்குத் தனிப் பிரிவு வைத்தது. அதற்கும் முன்னால் மங்கோலியர் காலம். 1246இல் குயுக் கான் போப்பாண்டவர் நான்காம் இன்னசென்டுக்கு அனுப்பிய பதில் கடிதம் பாரசீகத்தில் இருக்கிறது. இன்றும் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளது. எழுதச் சொன்னவர் மங்கோலியர், படிக்க வேண்டியவர் போப்பாண்டவர், நடுவில் பாரசீகம். இருவருக்கும் அது தாய்மொழி இல்லை.

இப்னு பதூதாவின் பயண நூலில் ஓர் இடம் வருகிறது. ஹாங்சோ நகரில் ஆளுநரின் மகன் அவரைப் படகில் அழைத்துப் போகிறான். பாடகர்கள் சீனத்திலும் அரபியிலும் பாரசீகத்திலும் பாடுகிறார்கள். பாரசீகப் பாட்டு ஒன்று ஆளுநரின் மகனுக்குப் பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பப் பாடச் சொல்கிறான். அது ஷீராஸ் கவிஞர் ஸஅதியின் வரி. அவர் இறந்து அரை நூற்றாண்டுதான் ஆகியிருந்தது.

ஆசியாவின் நீள அகலத்துக்கும் வழங்கிய பொதுமொழி ஒன்று அப்போது இருந்தது. கல்லில் இருப்பது அது.

பிப்ரவரி 3

அந்தக் கல்லை நேரில் பார்த்திருக்கிறேன். பாரசீகப் பகுதிதான் மிகவும் தேய்ந்து போயிருக்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்ததை எடுத்தார்கள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்ற காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. யாருக்கும் குறைவு வைக்கவில்லை.

பிப்ரவரி 5

"பாரசீகம் முகலாயரோடுதானே இந்தியாவுக்கு வந்தது" என்று கேட்டவருக்கு.

சென்னை பரங்கிமலைக்கு ஒரு நாள் போய் வாருங்கள். மேலே தேவாலயத்தின் பலிபீடத்தில் ஒரு கற்சிலுவை பதித்திருக்கிறார்கள். 1547இல் போர்த்துகீசியர் அடித்தளம் தோண்டும்போது கிடைத்தது. சிலுவையைச் சுற்றி ஓடும் எழுத்து பஹ்லவி, அதாவது இடைக்காலப் பாரசீகம். பாபர் பிறப்பதற்கு நூற்றாண்டுகள் முன்பே வெட்டியது. எழுதியவர்கள் கிழக்குத் திருச்சபைக் கிறிஸ்தவர்கள்.

கொல்லத்தில் 849ஆம் ஆண்டு தரிசாப்பள்ளிச் செப்பேடு. வேணாட்டு அய்யனடிகள் தேவாலயத்துக்குக் கொடுத்த கொடை, சேர மன்னன் தாணு இரவி காலம். ஆவணம் வட்டெழுத்தில். சாட்சிகள் கையெழுத்திட்ட ஏட்டில் மூன்று வகை எழுத்து இருக்கிறது: கூஃபி அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகம். முஸ்லிம், ஜொராஸ்டிரியர், கிறிஸ்தவர், யூதர் எல்லாரும் ஒரே பத்திரத்துக்குச் சாட்சி.

மூன்று கட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் தெளிவாகும். தாரியஸ் மன்னன் பெஹிஸ்துன் மலையில் கி.மு. 520ஐ ஒட்டி வெட்டியது பழைய பாரசீகம், ஆப்பெழுத்தில். சாசானியர் காலத்தது (224–651) பஹ்லவி. அரபு எழுத்தை எடுத்துக்கொண்டு 9ஆம் நூற்றாண்டில் எழுந்தது புதிய பாரசீகம். கவிதை, வரலாறு, கணக்கு, காதல் கடிதம் எல்லாம் இந்த மூன்றாவதில். கொல்லத்தில் பஹ்லவியில் கையெழுத்துப் போட்ட அதே நூற்றாண்டில்தான் ஈரானின் கிழக்கே குராசானில் புதிய பாரசீகக் கவிதை பிறந்துகொண்டிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

பிப்ரவரி 6

அந்தப் பிறப்பைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டும்.

7ஆம் நூற்றாண்டில் அரபியர் வென்ற நாடுகளைப் பாருங்கள். எகிப்தில் காப்டிக் மொழி வழிபாட்டுக்குள் ஒடுங்கியது. சிரியாவிலும் ஈராக்கிலும் அரமேயம் சில ஊர்களுக்குள் சுருங்கியது. ஈரானும் மதம் மாறியது, ஆனால் மொழி மாறவில்லை. இரண்டு நூற்றாண்டு எழுத்தில் பெரும்பாலும் அரபி ஆண்டபின், மறுபடி எழுந்து நின்றது. அதுவும் மேற்கே தலைநகரங்களில் இல்லை. பாக்தாதிலிருந்து வெகுதூரம் கிழக்கே, சீஸ்தான், புகாரா, சமர்கந்து பக்கம்.

சீஸ்தான் வரலாற்று நூல் சொல்லும் கதை: யஅகூப் என்று ஒரு தலைவன். செப்புக் கொல்லர் தொழிலிலிருந்து வந்து படை நடத்தியவன். வெற்றி பெற்றதும் புலவர்கள் அரபியில் புகழ்ந்து பாடினார்கள். "எனக்குப் புரியாததை ஏன் பாட வேண்டும்?" என்று கேட்டானாம். உடனே அவனுடைய செயலர் பாரசீகத்தில் பாடினார். நடந்ததோ, பின்னால் கட்டியதோ, இந்தக் கதையில் ஓர் உண்மை இருக்கிறது. அரபி படித்த பண்டிதர்கள் கையிலிருந்து மொழி கீழே இறங்கியது, படிக்காத ஒரு வீரன் கேட்டதால்.

புகாராவில் சாமானிய அரசர்கள் (819–999) அதற்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். ரூதகி அவர்கள் அவைக் கவிஞர். தபரியின் பெரும் அரபு வரலாற்றை அமைச்சர் பல்அமி 963இல் பாரசீகத்தில் தந்தார். பிறகு தூஸ் நகரத்து ஃபிர்தௌசி. ஷாநாமாவை 1010இல் முடித்தார், சுமார் 50,000 ஈரடிகள். முப்பது ஆண்டு பாடுபட்டேன் என்று அவரே சொல்கிறார். தொடங்கியபோது சாமானியர் ஆட்சி. முடித்தபோது கஜினி மஹ்மூத் ஆட்சி. எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை.

துபாயில் வேலை பார்த்த காலத்தில் ஆப்கானிஸ்தானின் ஹெராத்காரர் ஒருவர் என்னோடு ஒரே அறையில் இருந்தார். கட்டட வேலை, பள்ளிப் படிப்பு அதிகமில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் ஷாநாமாவில் ருஸ்தம் தன் மகன் சோராபை, மகன் என்று தெரியாமல் கொல்லும் பகுதியைச் சொல்லுவார். எனக்கு அப்போது ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்து அறை ஈரானியரும் வந்து உட்கார்ந்து, அவர் விட்ட இடத்தை எடுத்துக் கொடுப்பார். இருவர் பேச்சு வழக்கும் வேறு. ஆனால் 1,000 ஆண்டு முந்தைய வரி இருவருக்கும் அப்படியே விளங்கியது. நான் இந்த மொழியைப் படிக்கத் தொடங்கியது அந்த வெள்ளிக்கிழமைகளால்தான்.

பிப்ரவரி 6, பிற்பாடு

மேலே சொன்னதை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். புகாராவும் சமர்கந்தும் உஸ்பெகிஸ்தானில். ரூதகி பிறந்த ஊர் தஜிகிஸ்தானில். கஜினி ஆப்கானிஸ்தானில். நிஜாமியின் கஞ்சா அஸர்பைஜானில். ரூமி அடங்கியிருக்கும் கோன்யா துருக்கியில். அமீர் குஸ்ரு டெல்லியில். ஈரானுக்குள் ஷீராஸ், தூஸ், நிஷாப்பூர். இந்தக் கவிஞர்களை ஒரு நாட்டுக்குப் பட்டா போட்டுக் கொடுக்க முடியாது.

பிப்ரவரி 9

ஒருவர் துருக்கியரைப் பற்றிக் கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதில்தான் இருக்கிறது. 1514இல் சால்திரான் போர்க்களத்தில் மோதியவர்கள் உஸ்மானிய சுல்தான் சலீமும் ஈரானின் ஷா இஸ்மாயிலும். இருவரும் கவிஞர்கள். துருக்கி சுல்தான் தன் கவிதைத் தொகுப்பை எழுதியது பாரசீகத்தில். ஈரானின் ஷா 'கதாயி' என்ற புனைபெயரில் பெரும்பாலும் எழுதியது துருக்கியில். படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு.

பிப்ரவரி 11

"அது முஸ்லிம்களின் மொழி, வாளால் வந்தது, வெள்ளைக்காரன் வந்ததும் போயிற்று." இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கிறேன், இங்கேயும் வந்துவிட்டது.

படை வந்தது உண்மை. குஸ்ருவே மாலிக் காஃபூரின் மஅபர் படையெடுப்பைப் பாரசீக உரைநடையில் எழுதிவைத்தார். மஅபர் என்றால் நம் கரைதான். அதே குஸ்ரு 1318இல் எழுதிய 'நுஹ் சிபிஹ்ர்' நூலில் இந்திய மொழிகளை வரிசையாகச் சொல்லும்போது மஅபரின் மொழியையும் சேர்க்கிறார். டெல்லியில் இருந்த ஒரு பாரசீகக் கவிஞன், தந்தை வழியில் துருக்கியன், தமிழை ஒரு மொழியாக எண்ணிப் பட்டியலில் வைத்திருக்கிறான். எனக்கு அது பெரிது.

ஆனால் படை மட்டும் ஒரு மொழியை 600 ஆண்டு வைத்திருக்காது. வைத்திருந்தவர்கள் குமாஸ்தாக்கள். 1582இல் வருவாய்க் கணக்கு எல்லா மட்டத்திலும் பாரசீகத்தில் இருக்க வேண்டும் என்று ஆக்கியவர் அக்பரின் வருவாய் அமைச்சர் ராஜா தோடர்மால், கத்ரி என்ற இந்துச் சாதியினர். அதன்பின் காயஸ்தர்கள் என்ற எழுத்தர் சாதியினரும் கத்ரிகளும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பாரசீகப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஸஅதியின் குலிஸ்தான்தான் பாடநூல். ஷாஜஹானின் முன்ஷி (எழுத்தர்) சந்தர் பான் தன் புனைபெயராகவே 'பிராமன்' என்று வைத்துக்கொண்டு பாரசீகக் கவிதை எழுதினார். அவருடைய கடிதங்கள் பின்னால் மாதிரிக் கடிதங்களாகவே படிக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் பாரசீக மரபுத் தொடர்களுக்குப் பேரகராதி 'பஹாரே அஜம்' தொகுத்தவர் டெல்லி தேக் சந்த் பஹார். 1822இல் ராம்மோகன் ராய் கல்கத்தாவில் நடத்திய வார இதழ் 'மிராத்துல் அக்பார்' பாரசீகம்.

இவர்கள் யாரும் மதம் மாறவில்லை. பாரசீகம் படித்து வேலை பார்த்தார்கள், பிறகு அதையே நேசித்தார்கள்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதை இன்னொரு முறை யோசித்தேன். குமாஸ்தாவின் பக்கம் நின்று எழுதியிருக்கிறேன். உழவனின் பக்கமும் இருக்கிறது.

தன் நிலத்துக்கு எவ்வளவு தீர்வை என்று எழுதிய தாளைப் படிக்க முடியாதவன் அவன். முன்ஷி சொன்னதுதான் கணக்கு. நேசம் என்று நான் சொன்னது எழுதத் தெரிந்த வீடுகளின் நேசம். அதிகார மொழி எதுவானாலும் இந்த வலி உண்டு. நம் பக்கம் ஊர்க்கணக்கு தமிழில் இருந்தது, அரசுக் கச்சேரியில் மராத்தி புழங்கியது, பாரசீகம் ஆற்காட்டு நவாபின் மட்டத்தில் நின்றது. அதனால் வட இந்திய உழவன் பட்ட அளவு நாம் படவில்லை. கவிதையின் பெருமையைச் சொல்லும்போது இதை மறைக்கக் கூடாது.

(ஜமாபந்தி, சிரஸ்தார் என்று தமிழில் கலந்த சொற்களைப் பட்டியல் போடச் சொன்னவருக்கு: எல்லாரும் அறிந்தவை, பல இடத்தில் கிடைக்கும். நான் போடவில்லை.)

பிப்ரவரி 15

தாய்மொழி இல்லாதவன் ஒரு மொழிக்கு உரிமை கொண்டாடலாமா? இந்தச் சண்டை டெல்லியில் 18ஆம் நூற்றாண்டிலேயே நடந்துவிட்டது.

ஷேக் அலி ஹஸீன் ஈரானிலிருந்து அகதியாக வந்தவர். இந்தியர் எழுதும் பாரசீகத்தை ஏளனம் செய்தார். பதில் சொன்னவர் இந்திய அறிஞர் சிராஜுத்தீன் கான் ஆர்ஸு. ஹஸீனின் கவிதைகளையே எடுத்து வரிவரியாகக் குறை காட்டி ஒரு நூல் எழுதினார். பழகித் தேர்ந்தவனுக்கும் மொழியில் புதிது செய்யும் உரிமை உண்டு, பிறப்பு மட்டும் போதாது என்பது அவர் நிலை. இதே ஆர்ஸுதான் பாரசீகத்துக்கும் இந்திய மொழிக்கும் அடிப்படையில் ஒற்றுமை இருப்பதைக் கண்டு எழுதியவர். வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் 1786இல் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் உறவைப் பேசியதற்குப் பல பத்தாண்டு முன்பு. பள்ளிப் பாடத்தில் ஜோன்ஸ் இருக்கிறார், ஆர்ஸு இல்லை. எனக்கு இதில் கோபமே உண்டு.

கவிஞர் காலிப் வேறு பக்கம் நின்றார். 1652ஐ ஒட்டி கோல்கொண்டாவில் தொகுத்த 'புர்ஹானே காதிஅ' என்ற பேரகராதியை அடித்து நொறுக்கி 1862இல் நூல் வெளியிட்டார். பெரிய வழக்காடல் ஆயிற்று. இந்தியப் பாரசீகக் கவிஞரில் குஸ்ருவைத் தவிர யாரையும் அவர் மதிக்கவில்லை. அவரே ஆக்ராவில் பிறந்தவர். தன் உருது கஜல்களைவிடப் பாரசீகக் கவிதைகளையே உயர்வாகக் கருதினார். உலகம் மாற்றிக் கருதிவிட்டது. காலிப் சொன்னதை நான் ஏற்கவில்லை, ஆர்ஸு பக்கம்தான் நிற்பேன்.

பாட்னாவில் பிறந்த பாரசீகக் கவிஞர் பேதிலுக்கு (இறப்பு 1720) நடந்ததையும் பாருங்கள். ஈரானில் நெடுங்காலம் அவரைப் பொருட்படுத்தவில்லை. 'இந்தியப் பாணி' என்று பெயர் வைத்துச் சிக்கலானது, சீரழிந்தது என்று ஒதுக்கினார்கள். ஆப்கானிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். என் ஹெராத் நண்பர் பேதில் என்றால் குரலையே தாழ்த்திக்கொள்வார். பாட்னாக்காரர் என்று நான் சொன்னபோது நம்பவில்லை.

பிப்ரவரி 16

இரு திசையிலும் நூல்கள் போனதை எழுதாமல் விட்டால் இழை முழுமையாகாது.

பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் சாசானிய அரசர் அனுஷிர்வான் காலத்தில் புர்ஸோய் என்பவரால் பஹ்லவிக்குப் போனது. அந்தப் பஹ்லவி நூல் இன்று இல்லை. அதிலிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அரபியில் 'கலீலா வ திம்னா' செய்தார், அவரும் பாரசீகர். அரபியிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் நஸ்ருல்லா முன்ஷி மறுபடி பாரசீகம். பிறகு ஹெராத்தில் காஷிஃபியின் 'அன்வாரே சுஹைலி'. அது இந்தியா திரும்பி, அக்பருக்காக அபுல் ஃபசல் எளிமைப்படுத்தி எழுதினார். இந்தியக் கதை பாரசீகத்தில் போய்ப் பாரசீகத்திலேயே வீடு திரும்பியது. ஐரோப்பாவுக்கு அது போனதும் இந்த அரபு வழியில்தான்.

அக்பர் 1582இல் மகாபாரதத்தை மொழிபெயர்க்கச் சொன்னார். பண்டிதர்கள் பொருள் சொல்ல, நகீப் கானும் பதாவூனியும் மற்றவர்களும் எழுதினார்கள். பெயர் 'ரஸ்ம்நாமா'. பதாவூனிக்கு மனமில்லை, தன் வரலாற்று நூலில் முணுமுணுத்து வைத்திருக்கிறார். ஆனாலும் வேலையைச் செய்தார், ராமாயணத்தையும் அவரே செய்தார்.

முகலாய இளவரசர் தாரா ஷுகோ 1657இல் காசிப் பண்டிதர்களை வைத்துச் சுமார் 50 உபநிடதங்களைப் பாரசீகமாக்கினார், 'சிர்ரே அக்பர்'. இரண்டே ஆண்டில் தம்பி ஔரங்கசீப் அவரைக் கொன்றார். அந்தப் பாரசீகத்திலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஆன்கெத்தில் துப்பெரோன் 1801–02இல் லத்தீனில் வெளியிட்டார். ஷோபன்ஹவர் உபநிடதம் படித்தது அந்த லத்தீனில். ஜெர்மானியத் தத்துவஞானியின் மேசைக்கு உபநிடதம் பாரசீக வழியில்தான் போனது.

பிப்ரவரி 20

சென்னையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு: திருவல்லிக்கேணி வாலாஜா மசூதி, 1795. ஆண்டைக் குறிக்கும் செய்யுளை எழுதியவர் நவாபின் முன்ஷி ராஜா மக்கன் லால் கிராத். இந்து. மசூதிக் கல்லில் அவர் வரி இருக்கிறது. நான் போனபோது தொழுகை முடித்து வந்த பெரியவர் ஒருவர் தாமாகவே அந்தப் பெயரைச் சொன்னார், பெருமையோடு சொன்னார்.

ஆற்காட்டு அவையின் வரலாறு 'துஸுக்கே வாலாஜாஹி' பாரசீகத்தில் எழுதியது. 1930களில் முகம்மது உசைன் நயினார் அதை ஆங்கிலமாக்கிச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. வேலூர் பாகர் ஆகா (1745–1806) அரபி, பாரசீகம், தக்கினி (தென்னிந்திய உருது) மூன்றிலும் எழுதினார். கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் 'அஅஸம்' என்ற பெயரில் எழுதிய கவிஞர். ஆற்காட்டு நாட்டுப் பாரசீகக் கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை 'சுப்ஹே வதன்', 'குல்ஸாரே அஅஸம்' என்று தொகுத்தார். அந்த நவாப் 1855இல் இறந்ததும் கம்பெனி பட்டத்தை ஒழித்தது. நம் இலக்கிய வரலாறுகளில் இந்தப் பெயர்களைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. தமிழ் மண்ணில் வாழ்ந்து எழுதியவர்களை மொழியைக் காரணம் காட்டி நாமே விட்டுவிட்டோம்.

பிப்ரவரி 21

"வெள்ளைக்காரன் வந்ததும் போயிற்று" என்றதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. 1837இல் கம்பெனி அரசு நீதிமன்றங்களிலும் வருவாயிலும் பாரசீகத்தை நீக்கச் சட்டம் போட்டது. அதுவரை கம்பெனியே அந்த மொழியில்தான் ஆண்டது. ஷீராஸ் கவிஞர் ஹாஃபிஸின் தொகுப்பு முதன்முதலில் அச்சேறியது 1791இல், கல்கத்தாவில். ஷாநாமா முழுதாக முதலில் அச்சானது 1829இல், அதுவும் கல்கத்தாவில்.

சட்டத்துக்குப் பிறகும் லக்னோவில் 1858இல் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் ஏராளமான பாரசீக நூல்களை வெளியிட்டது, உரிமையாளர் இந்து. 1880களின் முடிவில் 'ஃபர்ஹங்கே ஆனந்தராஜ்' என்ற மாபெரும் அகராதி வந்தது. தொகுத்தவர் விஜயநகரம் அரசரின் முன்ஷி முகம்மது பாதுஷா. இது ஹம்பி இல்லை, விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்து விஜயநகரம். அரசர் ஆனந்த கஜபதி ராஜுவின் பெயர்தான் அகராதிக்கு. தெலுங்கு நாட்டு அரசர் பெயரில் பாரசீக அகராதி, சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழித்து! இக்பால் தன் கவிதையில் பாதிக்கு மேல் பாரசீகத்தில் எழுதியது அதற்கும் பிறகு.

பிப்ரவரி 26

அரபு எழுத்து தெரியாமல் தொடங்கலாமா என்று கேட்டவருக்கு.

தொடங்கலாம். 32 எழுத்துகள், சில வாரங்களில் பழகிவிடும். உயிர்க்குறில்களை எழுதாமல் விடுவதுதான் முதலில் தொல்லை. இலக்கணம் தமிழருக்கு இணக்கமானது, வினை வாக்கியக் கடைசியில் வரும். பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது, அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். கஜலில் காதலிக்கப்படுவது ஆணா பெண்ணா கடவுளா என்று முடிவே ஆகாமல் நிற்பதற்கு இதுவும் காரணம்.

ஹாஃபிஸிலிருந்து தொடங்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் போய் விழுந்து எழுந்து வருகிறார்கள். நவீனத்தில் ஃபுரூக் ஃபரோக்ஸாத் என்ற பெண் கவிஞர் (இறப்பு 1967) எழுதியது நேரடியான மொழி, முதல் ஆண்டிலேயே சில கவிதைகள் கைக்கு வரும். பழையதில் பழைய முன்ஷிகள் போன வழியே நல்லது: குலிஸ்தான், முதல் அத்தியாயம், அரசர்களைப் பற்றிய குட்டிக் கதைகள். உரைநடையும் கவிதையும் மாறிமாறி வரும், ஒவ்வொன்றும் அரைப் பக்கம். ஒரு கதையை வாய்விட்டுப் படித்து மனப்பாடம் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சந்தேகம் வரும் வரிகளை இங்கே போடுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.